கோட்டைவாசலில் நான் கை நனைத்தது

தென்காசி,
ஆனி மாதம், ஞாயிறு காலை.

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் மூட்டுவலியும் என் சளியும் நீங்கலாக வீட்டில் அனைவரும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் அம்மா வழியாக அவ்வப்போது தகவல் வருகிறது, என்றாலும் குற்றாலத்து அம்மன் பெயரை உனக்கு வைத்தவன் நான், உன் பொறுப்பை அவளிடமே விட்டிருக்கிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொங்கலில் இருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன் இப்போது தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நீ நினைப்பது எனக்குத் தெரிகிறது. போனில் என்றால் முதலில் எனக்குக் கோபம் வரும், அடுத்து அழுகை வரும், சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவனுக்கு இரண்டும் அழகில்லை. எழுதுவதென்றால் எனக்குப் பழக்கம் உண்டு. ஊரில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன், இன்றைக்கு என்னுடையதை நானே எழுதித் தருகிறேன் என்று வைத்துக்கொள்.

சீசன் இந்த வருஷம் பிரமாதம். ஜூன் பிறந்ததும் பிறக்காததுமாகச் சாரல் பிடித்துக்கொண்டது, ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு தரம் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக நின்று அருவியை முறைத்துப் பார்த்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போகிறார்கள். ரம்புட்டான் வந்துவிட்டது, மங்குஸ்தான் இன்னும் புளிக்கிறது. மாடியில் துணி காய்வதே இல்லை, உன் அம்மா வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிவிட்டாள், நான் தினமும் என் சட்டைகளுக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போக வேண்டியிருக்கிறது. பின்பக்கத்து நார்த்தை காய்த்துத் தொங்குகிறது, ஊறுகாய் போட்டு உனக்கு அனுப்ப வேண்டுமாம். அயர்லாந்தில் இறக்கும்போது பாட்டில் உடையாமல் இருக்க என்ன வழி என்று அம்மாவிடம் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் மாமா செந்தில்வேல் வீரகேரளம்புதூரில் இருந்து காரோடு வந்து வாசலில் நின்றான். "அத்தான், சாரல் என்னமா விழுது, வீட்டுக்குள்ளயே கெடக்கீயளே, கோட்டைவாசல் வரைக்கும் போயி கருப்பசாமிக்கு ஒரு தேங்காய ஒடச்சிட்டு வருவோம்" என்றான். எனக்கும் மழைக்காலத்தில் அந்த மலைப்பாதை பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் உன்னை பைக்கின் முன்னால் உட்காரவைத்து எத்தனை தடவை கூட்டிப் போயிருக்கிறேன். சரி என்றேன். உன் அம்மா பெரிய தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு, தேங்காய்த் துவையல், பொரித்த வடகம், பிளாஸ்க்கில் சுக்குக்காப்பி என்று எடுத்துவைத்தாள். மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன், "மலைக்காத்துல பசிக்கும்லா" என்றாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள், அதையும் கேட்டேன், "கோயிலுக்குப் போறோம்லா" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். டூட்டியில் இருந்த காலத்தில் ஒருவன் கடையில் பீடிக்கட்டு ஒன்று கூடுதலாக வாங்கினாலே ஏன் எதற்கு என்று விசாரித்தவன் நான். என் வீட்டுக்குள் சதி நடந்ததைக் கோட்டைவிட்டேன்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை வந்ததும் வயல் எல்லாம் நடவு முடிந்து பச்சையாகக் கிடந்தது. அதற்குமேல் எஸ் வளைவு. வளைவுக்கு வளைவு பாரம் ஏற்றிய லாரிகள் மூச்சுவாங்கி ஏறுகின்றன, செந்தில்வேல் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தால் கீழே வயலும் தென்னையும், அதற்கு அப்பால் செங்கோட்டைப் பக்கம் நல்ல வெயில். மேலே போனதும் காற்று கார்க் கதவைத் திறக்க விடவில்லை. மேற்கே பார்த்தால் வெறும் காடு, அதன்மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ரோடு அகலமாக இருக்கிற இடத்தில் காரை ஓரங்கட்டினான். அங்கே ஏற்கெனவே கேரளா நம்பர் போட்ட கார் ஒன்று நின்றது. என் வயதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குடையும் கையுமாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வீட்டம்மா காருக்குள் இருந்தார்கள். உன் அம்மா போய் அந்த அம்மாவிடம் ரொம்ப நாள் பழகினவள் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடமும் அப்படித்தானே பேசுவாள், நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த மனுஷர் பாசன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், வீடு தென்மலைக்கு அப்பால் இடமண். செங்கோட்டைச் சந்தைக்கு வந்து போய்த் தமிழ் பழகியிருக்கிறார். "சாரே, இங்கன மழை பெய்யுறப்போ ஒரு துள்ளி உங்க சிற்றாத்துக்குப் போகும், ஒரு துள்ளி எங்க கல்லடையாத்துக்குப் போகும். ஒண்ணு கிழக்குக் கடல், ஒண்ணு மேற்குக் கடல்" என்றார். தமிழ்நாடு, கேரளா எல்லை போர்டு அங்கே இருக்கிறதே, அதில்தான் பிரிகிறதா என்று கேட்டேன். போர்டு சர்க்கார் வைத்தது, மழைக்குப் படிக்கத் தெரியாது என்று சிரித்தார். எனக்கு எல்லை விவகாரம் என்றால் விட மனசு வராது. சம்பவ இடம் எந்த ஸ்டேஷனுக்கு உட்பட்டது என்று பக்கத்து ஸ்டேஷன்காரனோடு சண்டை போட்டே காலம் கழித்தவன். அப்படியானால் சரியாக எந்த இடத்தில் பிரிகிறது, காட்டுங்கள் என்றேன். அவரும் சளைக்கவில்லை. தேக்கிலையைக் கிழித்துத் துண்டுதுண்டாக்கி, ரோட்டோரத்தில் ஓடுகிற மழைத்தண்ணீரில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தோம். இங்கே போட்டால் இலை நம் பக்கம் ஓடுகிறது, இன்னும் கொஞ்சம் போய்ப் போட்டால் தயங்கி நின்று சுற்றுகிறது, அதைத் தாண்டினால் அவர் பக்கம் ஓடிவிடுகிறது. லாரிக்காரர்கள் எல்லாம் இரண்டு கிழவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் இரண்டு காரும் நிற்கிற இடம் முழுக்க நம் கிழக்குப் பக்கம்தான், தண்ணீர் சிற்றாறு வழியாகத் தாமிரபரணிக்குத்தான் போகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு பதக்கம் கிடைத்த சந்தோஷம்.

இலை விடுகிற சாக்கில் மனசும் விட்டுப் பேசினோம், அதில்தான் மோசம் போனேன். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன், மகன் வெளிநாட்டில் என்றார். மலையாளிகளுக்கு வெளிநாடு என்றால் வளைகுடாதான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். என் மகளும் வெளிநாடு என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "என்ன செய்ய சாரே, அவன் அங்கன ஒரு பாண்டிக் குட்டிய இஷ்டப்பட்டுப் போயி" என்றார், பாண்டி என்று அங்கே தமிழர்களைத்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, உங்களைச் சொல்லவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை மகளே, கூட்டாளி கிடைத்துவிட்டான் என்றுதான் இருந்தது. எனக்கும் அதே கேஸ்தான், என் பெண்ணை ஒரு மலையாளத்துப் பையன் மயக்கிவிட்டான், நான் வீட்டில் அவன் பெயரையே சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன், போட்டோவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்றேன். நல்ல காரியம் செய்தீர்கள், நானும் அப்படித்தான் என்றார் அவர். அந்தப் பையனை வளர்த்த லட்சணத்தைப் பாருங்கள் என்று நான் சொல்ல, அந்தக் குட்டியின் அப்பன் கண்டித்து வளர்க்கவில்லை என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தோம். நீ இந்த இடத்தில் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

அதற்குள் மழை பலத்துவிட்டது, குடை காற்றில் மடங்கிவிட்டது, தெப்பமாக நனைந்து நடுங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். செந்தில்வேல் இரண்டு கார் டிக்கிக்கும் சேர்த்து ஒரு தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தான், பந்தல் மாதிரி. அந்த அம்மா வாழையிலையில் அவித்த அடை கொடுத்தார்கள், உள்ளே பலாப்பழமும் வெல்லமும் தேங்காயும், சுடச்சுட இருந்தது. நான் ஒன்று தின்றேன், இன்னொன்று தின்றேன். அவருக்கு உன் அம்மா புளிச்சோறு போட்டாள், அவர் துவையலை வழித்து வழித்துத் தின்று இரண்டாவது தரம் தட்டை நீட்டினார். நான் மூன்றாவது அடையைப் பிரிக்கும்போது அந்த அம்மா இன்னும் சாப்பிடச் சொல்லி ரொம்பப் பிரியமாக, "கழிக்கணும் சாரே, குழலிக்கும் இது வலிய இஷ்டமாணு, ஹரி சொல்லி" என்றார்கள்.

உன் பெயரும் அந்தப் பையன் பெயரும் என் காதில் விழுந்ததும் அடை கையிலேயே நின்றுவிட்டது. அவரைப் பார்த்தேன், அவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது, என்னைப் போலவே அவரையும் காற்று வாங்கலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். உன் அம்மா பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். செந்தில்வேல் மலையைப் பார்த்து நின்றான். நான் கையைக் கழுவிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவரும் தன் காரில் ஏறிச் சாத்திக்கொண்டார்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் இரண்டு பக்கமும் சம்மதம் என்று ஆகிறவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டோம், முடிவானதும்தான் இலை போட்டுக் கை நனைப்பது, நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. நம் ஜனத்தில் எங்கே பெண் பார்க்கப் போனாலும் என்னை முன்னால் அனுப்புவதே நான் இதில் கறார் என்பதால்தான். உன் அம்மா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். இது வீடு இல்லை, ரோடு, அதோடு யாரென்று தெரியாமல் பசிக்குத் தின்றது கணக்கில் வராது என்றேன். அவள் சத்தமே போடவில்லை. "கீழப்பாவூர்ல அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கை நனைச்சிட்டு மறுவாரம் மாத்திப் பேசும்போது, பசிக்குச் சாப்பிட்டோம்னுதான் சொன்னாவ. பசிக்குச் சாப்பிட்டாலும் சாப்பிட்டது சாப்பிட்டதுதான்னு அவுக வாசல்ல நின்னு சத்தம் போட்டது யாரு? நீங்கதான சொன்னீய?" என்றாள். அந்தக் கல்யாணத்தை நான்தான் நடத்திவைத்தேன், இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். அதோடு விடாமல், "மலைக்கு அந்தப் பக்கம் இருக்க ஆரியங்காவு ஐயனுக்கே மதுரையில இருந்துதான் பொண்ணு வந்துருக்கு, சாமி பாக்காத வித்தியாசத்த நீங்க பாக்குதீய" என்று வேறு சொன்னாள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஜன்னலில் தட்டினார்கள். அவர்தான், சசிதரன். செந்தில்வேல் அவரிடம் போய் நம் வழக்கத்தை விளக்கியிருக்கிறான். அவர் மழையில் நனைந்துகொண்டே குனிந்து, "சாரே, எங்க நாட்டுல ஒருத்தர் தந்ததக் கழிச்சா வயிறு நெறயும், அவ்வளவுதான். உங்க நாட்டுல அது சம்மதம்னு இவன் பறயுறான். இப்போ நம்ம ரெண்டாளும் கழிச்ச இடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பொய் சொல்ல வழியே இல்லை. அந்த இடத்தைக் கிழக்குப் பக்கம் என்று இலை போட்டு நிரூபித்ததே நான்தான். கிழக்கு என்றேன். "அப்போ உங்க சட்டம்தான், நானும் மாட்டிப்போயி" என்று சொல்லிக் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஈர வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார், வெளியே நின்ற பொம்பளைகள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். உன்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன், அதனால் உனக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் மலையாளி என்பதில் எனக்கு ஒரு பகையும் இல்லை. உன்னை அயர்லாந்துக்கு அனுப்பும்போது என்றைக்கு இருந்தாலும் பிள்ளை நம் வாசலுக்குத்தான் வரும் என்று ஒரு தைரியம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தால் விமானத்தில் இருந்து அங்கே இறங்கி அங்கேயே நின்றுவிடுவாய், நமக்கு மிஞ்சுவது போன்தான் என்று பயந்தேன். கோபம் என்று நான் காட்டியதெல்லாம் அந்தப் பயம்தான். அவரும் அதையேதான் சொன்னார். தமிழ்நாட்டுப் பெண்ணைக் கட்டினால் மகன் மலை இறங்கித் தென்காசியோடு போய்விடுவான் என்று அவருக்குப் பயமாம். என்னைக்கண்டு அவரும் அவரைக்கண்டு நானும் இத்தனை மாதம் நடுங்கியிருக்கிறோம். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் நம்மால் திருநெல்வேலியையே தாண்ட முடியாது, எனக்கு இது முன்னமே தோன்றவில்லை பார்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து அவர்கள் பூவும் பழமுமாக முறைப்படி நம் வீட்டுக்கு வருகிறார்கள். அப்போது நான் ஒழுங்காக இலை போட்டுக் கை நனைப்பேன், ரோட்டில் நனைத்ததை யாரும் சொந்தக்காரர்களிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், வாசுதேவநல்லூர் வரை செய்தி போய்விட்டது என்று செந்தில்வேல் சொல்கிறான். கல்யாணம் குற்றாலநாதர் கோயிலில் என்று நான் சொல்கிறேன், ஆரியங்காவில் என்று சசிதரன் சொல்கிறார். நேற்றும் போனில் சண்டை போட்டோம். சாப்பாடு யார் பக்கத்துச் சாப்பாடு என்பது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நீ இதில் தலையிடாதே, எங்களுக்கும் பொழுது போக வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடாதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, குளிர் என்று சாக்குச் சொல்லாதே. இரவு டூட்டி முடிந்து தனியாக வராமல் யாரோடாவது சேர்ந்து வா, யாரோடு என்று நான் கேட்கவில்லை. குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய். நான் எடுக்கவே இல்லை என்றாலும் நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தாய். அது அடித்து ஓய்கிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், உனக்குத் தெரியாது. சசிதரனுக்கு அதுவும் இல்லை. அவர் எடுக்காததால் அவர் மகன் சித்திரையோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டானாம், அதைச் சொல்லும்போது அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாமே முதலில் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன், எந்த முகத்தோடு என்கிறார். அதனால் ஹரிநாராயணனிடம் நான் சொன்னதாகச் சொல், கடிதம் கிடைத்த அன்றைக்கே அவன் அப்பாவைக் கூப்பிடட்டும். எடுக்காவிட்டால் விடாமல் மறுபடி கூப்பிடட்டும், அவர் பக்கத்தில்தான் இருப்பார். அவர்கள் பேசி முடித்ததும் நீ என்னைக் கூப்பிடு, எனக்கு அவசரமில்லை, அவர் முதலில் பேசட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
மகாராஜா